கெட்டுப்போன சோறு எது?

எங்க அம்மாச்சி பள்ளங்கியில் முப்பது வருசத்துக்கு மேல் தோட்டக் கூலியாக இருந்தவள். பூண்டு நட, உருளைக்கிழங்கு தோண்ட, பீன்ஸ் பறிக்க என்று பருவத்துக்குத் தக்க எந்தத் தோட்டத்தில் வேலை கிடைக்கிறதோ அங்கே போவாள். பிழைப்புக்காகக் கீழேயிருந்து மலை ஏறிய சனம் நாங்கள். கொடைக்கானலைத் தாண்டி வில்பட்டிப் பக்கம், படிப்படியாய் வெட்டின தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் பள்ளங்கி. பள்ளிக்கூட லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். சமையல் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய தகரக் கூரை அடுப்படியில் கற்றதுதான்.

எம்.ஏ. படிக்கப் போனபோது அம்மாச்சி ஒரு டப்பாவில் உப்புக்கண்டம் கட்டிக்கொடுத்தாள். மாட்டுக்கறி. விடுதி அறையில் ஒருநாள் அதைத் திறந்தேன். கூட இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். "என்னமோ கெட்டுப்போன வாடை" என்று பேச்சு பரவியது. பொறுப்பிலிருந்த அம்மா வந்து, டப்பாவோடு குப்பையில் போடச் சொல்லி, அறையை இரண்டு தடவை கழுவச் செய்தார்.

லீவுக்குப் போனபோது அம்மாச்சியிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வைத்தியர் மாதிரி கேள்வி கேட்டாள்.

"பூசணம் பூத்திருந்துச்சா?"

"இல்ல அம்மாச்சி."

"ஈரம் கோத்திருந்துச்சா? புழு கிழு?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பறம் எப்புடித்தா கெட்டுப்போச்சுங்கிறாளுக?"

இந்தக் கேள்விக்கு எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. எம்.ஏ. முடித்தும் தெரியவில்லை. அடுப்படிச் சமாச்சாரம் வரலாறு ஆகுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். இந்த ஒரு கேள்விக்குள் இருநூறு வருச வரலாறு இருக்கிறது என்பது என் எண்ணம்.

மலையில் வேகாத பருப்பு

மலைச் சமையல் கீழ்ச் சமையல் மாதிரி இல்லை. புதுசாய் ஏறி வருகிற பெண்களுக்கு முதல் வாரமே அழுகை வரும். பருப்பு வேகாது. இட்லி மாவு பொங்காது. அரிசி மேலே குழைந்து உள்ளே நறுக்கென்று இருக்கும். "என் கைராசி போச்சு" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

கைராசி எங்கேயும் போகவில்லை. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கிற சூடும் குறைகிறது. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அங்கே ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பள்ளங்கி கொஞ்சம் கீழே இருப்பதால் ஓரிரு டிகிரி கூடலாம், அவ்வளவுதான். அடுப்பில் எவ்வளவு விறகைத் திணித்தாலும் திறந்த பானைத் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. விறகுதான் வீணாகும். அந்த விறகையும் பெண்கள்தான் முதுகில் சுமந்து வரவேண்டும்.

அம்மாச்சிக்கு டிகிரி தெரியாது. ஆனால் பக்குவம் தெரியும். பருப்பையும் காய்ந்த பீன்ஸ் கொட்டையையும் முந்தின ராத்திரியே ஊறப்போடுவாள். பழைய பருப்பு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில். கொட்டை நன்றாக மலர்ந்த பிறகுதான் புளியோ தக்காளியோ சேர்ப்பாள். புளிப்பு முன்னாடியே விழுந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும், பிறகு நாள் முழுக்க எரித்தாலும் மசியாது. மூடியின் மேல் கல்லைத் தூக்கி வைப்பாள். குக்கர் வந்தபிறகு, கீழே மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். வெளியே அழுத்தம் குறைவு என்பதால் குக்கருக்குள்ளும் சூடு கொஞ்சம் குறையத்தான் செய்யும். அவள் கணக்கு சரி.

மாவுப் பானையைக் கோணிச்சாக்கில் சுற்றி, அவிந்த அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைப்பாள். முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலப்பாள். மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்க்குக் கதகதப்பு வேண்டும். குளிரில் அது செத்துப்போவதில்லை, சோம்பிக் கிடக்கிறது. "புள்ளைய எழுப்புற மாதிரி எழுப்பணும்" என்பாள்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ராமசாமி என்று ஒரு பெயர்

1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கும் பேதிக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள், உயிர் பிழைக்க மலை ஏறினார்கள். 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரி கட்டினார். மோட்டார் சாலை வந்தது 1910-களில்தான். அதுவரை துரைகளும் துரைசாணிகளும் நாற்காலியில் உட்கார்ந்து வர, தூக்கிக்கொண்டு ஏறியது கூலிகளின் தோள். சட்டி பானை, மாவு, சர்க்கரை, ஒயின் புட்டி எல்லாம் அப்படித்தான் ஏறின. கூடவே சமையல்காரர்களும் ஏறினார்கள்.

வெள்ளைக்காரன் வீட்டில் மாட்டுக்கறி வேகும். அதைத் தொட மற்ற சாதிக்காரர்கள் வரமாட்டார்கள். அதனால் சென்னை மாகாணம் முழுக்கத் துரைமார் அடுப்படியில் நின்றவர்களில் பலர் பறையர்கள். ஊர்க் கிணற்றில் வாளி போடக்கூடாதவன், ஜில்லாவையே ஆளுகிற கலெக்டருக்குச் சோறு போட்டான். அவன் கையால் சாப்பிட்ட கலெக்டருக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கைகட்டி நின்றார்கள். தீட்டு அங்கே எங்கே போய் ஒளிந்துகொண்டது?

1878-இல் 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் கென்னி ஹெர்பர்ட் என்ற சென்னைப் பட்டாள அதிகாரி சென்னைக்கான சமையல் குறிப்புகளை ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகமாகப் போட்டார். அதில் சமையல்காரனுக்கு அவர் வைத்த பெயர் ராமசாமி. எல்லாச் சமையல்காரனும் ராமசாமிதான். ராமசாமிக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ராமசாமி எங்கே தப்புச் செய்வான் என்று பக்கம் பக்கமாக வருகிறது. ஆங்கிலச் சமையலையும் பிரெஞ்சுச் சமையலையும் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் கற்று, விறகு அடுப்பில் செய்து காட்டிய அந்த மனுசர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பக்கங்களில் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை.

தமிழில் என்றால், 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது. கல்யாணமாகித் தூர தேசம் போன எத்தனையோ பெண்களுக்கு அது கைவிளக்கு. அதை நான் குறை சொல்லவில்லை. அளவும் முறையும் எழுதி வைக்க ஒரு பெண் முன்வந்தது பெரிய காரியம். ஆனால் அது ஒரு சாதியின் அடுப்படி. அதில் கவுச்சி கிடையாது. பிறகு வந்த பத்திரிகைச் சமையல் குறிப்புகளிலும் 'நம் வீட்டுச் சமையல்' என்றால் ஏறக்குறைய அந்த அடுப்படிதான். ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் உப்புக்கண்டமும் கருவாட்டுத் தண்ணிக் குழம்பும் யார் வீட்டுச் சமையல்? மராத்தியில் 2015-இல் சாகு பட்டோலே தங்கள் அடுப்படியைப் புத்தகமாக எழுதினார். 'அன்னம் பூரண பிரம்மம்' என்ற சொலவடையைத் திருப்பிப்போட்டு, 'அன்னம் அபூரண பிரம்மம்' என்று பெயர் வைத்தார். எங்கள் சாப்பாடு இல்லாமல் உங்கள் பிரம்மம் எப்படிப் பூரணமாகும் என்ற கேள்வி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 2024-இல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

தண்ணியை வெளியேத்து

அம்மாச்சியின் உப்புக்கண்டத்துக்கு வருகிறேன். கறியை நார் ஓடுகிற வாட்டத்தில் நீளவாக்கில், மெல்லிசாக வெட்டவேண்டும். மொத்தமாக வெட்டினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும். கல்லுப்பும் மஞ்சளும் கைகொள்ள அள்ளிப் பிசறி, ஒரு ராத்திரி சாய்த்து வைத்தால் கறி தண்ணி விடும். அந்தத் தண்ணியை வடித்துவிட்டுக் கயிற்றில் கோத்து வெயிலில் கட்டவேண்டும். கீழே நாலு வெயில் போதும். பள்ளங்கியில் மத்தியானமே மஞ்சு இறங்கிவிடும். அதனால் சாயங்காலம் அடுப்புக்கு மேலே பரணில் கட்டிப் புகை காட்டுவாள். புகையில் ஈ அண்டாது, குளிரிலும் காய்ச்சல் நிற்காது.

"ஒடிச்சா படக்குனு ஒடியணும். வளைஞ்சுதுன்னா இன்னும் உள்ள தண்ணி இருக்கு" — இதுதான் அவளுடைய சோதனை. மேலே வெள்ளையாய்ப் பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பாள். உப்பு என்றால் கரைந்துவிடும். பூசணம் என்றால் பஞ்சு மாதிரி நிற்கும், வாடையும் வேறே வரும். பூசணம் என்றால் தயவு தாட்சண்யம் கிடையாது, தூக்கி எறிந்துவிடுவாள்.

இதன் விஞ்ஞானம் ஒரே வரிதான். கிருமிக்குத் தண்ணீர் வேண்டும்; உப்பும் வெயிலும் புகையும் அந்தத் தண்ணீரைப் பறித்துவிடுகின்றன.

இந்த மலையின் அடிவாரத்தில் பழனி இருக்கிறது. அங்கே பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். இந்த மலைகளில் விளைகிற விருப்பாட்சி வாழைப்பழத்தோடு சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. அதனால்தான் குளிர்பெட்டி இல்லாமலே நாள்பட நிற்கிறது. சர்க்கரை தண்ணீரைக் கட்டிப்போட்டுவிடுகிறது. உப்புக்கண்டத்தில் உப்பு செய்கிற அதே வேலை. பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான். விருந்தாளி வந்தால் பானைக்குள் ஒளித்து வைக்கப்படுகிற உப்புக்கண்டத்துக்கு என்ன குறியீடு கிடைத்தது? இரண்டும் ஒரே அறிவு. ஒன்று பிரசாதம், இன்னொன்று 'நாத்தம்'.

கழுவத் தண்ணி தராதவன்

குடல் கழுவுவது லேசான வேலை இல்லை. உள்பக்கத்தை வெளியே புரட்டவேண்டும். வெந்நீர் ஊற்றிச் சுரண்டவேண்டும். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, மஞ்சள் போட்டு அலசவேண்டும். தண்ணி தெளிவாக வருகிறவரை, எத்தனை தடவை ஆனாலும். "குடலுக்குக் கறிய விட நாலு பங்கு தண்ணி வேணும்" என்பாள்.

அந்தத் தண்ணி எங்கே இருந்தது? அம்மாச்சி பிறந்த ஊரில் — அந்த ஊர்ப் பேர் இங்கே வேண்டாம் — சேரிக்குத் தனிக் கிணறு கோடையில் வற்றிவிடும். ஊர்க் கிணற்று மேட்டில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் உண்டு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படிப் பொழுது சாயும்வரை நின்றிருக்கிறாள். தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொண்டவர்களே, 'அந்தச் சனம் சுத்தம் இல்லாதது' என்று பேசினார்கள். ஒரு குடம் தண்ணியில் குடிக்கவும் சமைக்கவும் குடல் கழுவவும் பிள்ளைக்குக் கால் கழுவவும் கணக்குப் பார்த்துச் செலவழித்து, அதிலும் நோய் வராமல் பார்த்துக்கொண்ட பெண்ணைவிடச் சுத்தம் தெரிந்தவர் யார்?

சுத்தம் என்ற சொல்லை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கவேண்டும். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருக்குழாய்த் தண்ணீருக்கும் காலரா சாவுகளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டார். மனிதக் கழிவு கலந்த தண்ணீர்தான் கொல்லுகிறது என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் நம் நாட்டுக் குளத்திலிருந்தே.

அதற்கு நாற்பத்து மூன்று வருசம் கழித்து, 1927 மார்ச் 20-இல், மகாடில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆதிக்க சாதியார் பிறகு அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எப்படி? 108 பானைகளில் பால், தயிர், நெய்யோடு மாட்டுச் சாணியும் மூத்திரமும் கலந்து குளத்தில் ஊற்றி. மனிதர் குடித்ததால் கெட்டுப்போன தண்ணீர் சாணி கலந்ததும் நல்ல தண்ணீர் ஆகிவிட்டதாம். அம்மாச்சி இதைக் கேட்டிருந்தால், "அந்தத் தண்ணியக் காய்ச்சாமக் குடிச்சிராதீக" என்றிருப்பாள்.

கரண்டியைத் தொடாதே

என் அம்மா சத்துணவில் சமையலராக இருந்தவள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். போன மறுநாளே நாலு பேர் வந்து, "நீ கூட்டிப் பெருக்கு, பாத்திரம் கழுவு, கரண்டியத் தொடாத" என்றார்கள். அவள் கழுவின பாத்திரம் ஆகும், அவள் கிண்டின சாம்பார் ஆகாது. கொஞ்ச நாள் பிள்ளைகள் டிபன் டப்பா கொண்டுவந்தார்கள். மேலே இருந்தவர்கள், "எதுக்கும்மா வம்பு" என்று வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவளுக்கு மாற்றல் வந்தது. அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

அம்மாவோடு போன விஷயம் இல்லை இது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளி மதிய உணவுச் சமையல் வேலையில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரையே மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அந்த மாற்றல் ரத்தானது. காமராசர் 1956-இல் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் வந்தது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட தலைமுறைகளே வந்துவிட்டன. பரிமாறுகிற கையைப் பார்க்கிற கண் இன்னும் இருக்கிறது.

2006-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் எது பாதுகாப்பற்ற உணவு என்று வரிசை போட்டுச் சொல்கிறது. விசம் கலந்தது, அழுகியது, சுகாதாரம் இல்லாத முறையில் செய்தது, பூச்சி புழு உள்ளது என்று வரிசை நீள்கிறது. சமைத்தவர் சாதி அதில் இல்லை. கிருமியும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. சத்துணவுக் கூடத்தில் பார்க்கவேண்டியவை வேறே: சமைக்கிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா, முட்டை முழுசாய் வெந்ததா, ஆக்கினது கைச்சூட்டுக்கு ஆறிக் கிடக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளை வயிற்றுக்குப் போகிறதா, எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் பூச்சிமருந்துப் புட்டி இருக்கிறதா? கரண்டியைத் தொடாதே என்று வந்த அந்த நாலு பேரில் ஒருவர்கூட என் அம்மாவிடம் இதில் ஒன்றைக் கேட்கவில்லை.

நம் பானையையும் சோதிப்போம்

நம்முடையது என்பதற்காக எல்லாவற்றையும் கொண்டாட நான் தயாரில்லை. செத்த மாட்டைத் தூக்கு என்று ஊர் சொன்னது, பசிக்கு அதையே தின்னும்படி ஆக்கியது. அம்பேத்கர் 1927-இல் மகாடிலேயே செத்த மாட்டுக்கறியை விடுங்கள் என்றார். அது மானப் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினையும்கூட. அடைப்பான் நோயில் செத்த மாட்டின் கிருமி விதையாய் உறங்கும். சாதாரணக் கொதிப்பில் சாகாது. திடீரென்று செத்து, மூக்கிலோ வாயிலோ ரத்தம் வடிந்த மாட்டை அறுக்கவே கூடாது. அறுக்கிற கைக்கே நோய் வரும். ஆரோக்கியமான மாட்டை அறுத்துத் தின்பது நம் உரிமை. செத்ததைத் தூக்குவது நம்மேல் சுமத்தப்பட்ட அடிமைவேலை. இரண்டையும் குழப்பக்கூடாது.

பழைய சோற்றிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமி விதை கொதியிலும் சாவதில்லை. சூட்டோடு பானையில் மூடிக் கிடந்தால் முளைத்து விசம் கக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த விசம் போகாது. சோற்றைச் சீக்கிரம் ஆறவிட்டு, சுத்தமான தண்ணி ஊற்றிவை. காலையில் இதமான புளிப்பு வாடை வந்தால் நல்லது. கொழகொழவென்று நூல் விட்டால் கொட்டிவிடு.

அம்மாச்சியும் ஒரு இடத்தில் தவறினாள். சிவப்பு பீன்ஸ் கொட்டையை ஊறின தண்ணியோடு, சிறு தீயில் அரைவேக்காடாய்ச் சமைத்த ஒருநாள் எங்கள் எல்லாருக்கும் வாந்தி. அந்தக் கொட்டையில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. ஊறின தண்ணியைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணியில் தளதளவென்று கொதிக்கவிட்டால்தான் அது போகும். மலையில் சூடு குறைவு என்பதால் கீழே கொதிப்பதைவிட வெகுநேரம் கொதிக்கவேண்டும். குக்கர் இருந்தால் உத்தமம். நான் படித்துச் சொன்னபோது, "சரித்தா, இனிமே அப்புடியே செய்யலாம்" என்றாள். தப்பு என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டாள். தீட்டு பார்க்கிறவர்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மாச்சி இப்போது இல்லை. அவள் சொன்னதில் பாதியை மறந்துவிட்டேன். மிளகாய் எத்தனை, எந்த மரத்து விறகுப் புகை, எத்தனை நாள் என்று எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு என் கையில் ஒரு புத்தகம் இருந்திருக்கும். தோழர்களே, உங்கள் வீட்டில் ஒரு அம்மாச்சியோ அப்பத்தாவோ அத்தையோ இருப்பார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்காருங்கள். அளவோடு, முறையோடு, எது தப்பாகப் போகும், போனால் என்ன செய்வது என்பதோடு கேட்டு எழுதுங்கள். அவர்கள் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். இன்னொரு தடவை எல்லாரையும் ராமசாமி என்று யாரும் கூப்பிடக்கூடாது.

அன்றைக்கு விடுதியில் டப்பாவைக் குப்பையில் போட்டபோது நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு என்றால் கேட்பேன்: பூசணம் பூத்திருக்கா? ஈரம் கோத்திருக்கா? புழு வச்சிருக்கா? இல்லேன்னா, கெட்டுப்போனது எதுன்னு சொல்லுங்க.